கொழும்புச் சம்பளம், கொக்குவில் வாடகை

யாழ்ப்பாணத்துக்குப் போனால் மிச்சம் பிடிக்கலாமா என்று கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற தெரிந்த சனத்தில் பாதிப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போனதால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். பிடிக்கலாம். நாங்கள் பிடிக்கிறோம். ஆனால் அது எப்படிக் கட்டுப்படியாகிறது, யாருடைய செலவில் கட்டுப்படியாகிறது என்று யோசித்தால்தான் கொஞ்சம் உறுத்துகிறது.

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான், சுன்னாகத்துக்குப் பக்கம். படிப்பு முடிந்ததும் கொழும்புக்குப் போய், பிரிட்டனில் இருக்கிற சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு இங்கிருந்தபடி கணக்கு எழுதிக் கொடுக்கிற ஒரு கம்பனியில் சேர்ந்தேன். இவர் (என் கணவர்) மட்டக்களப்பு, வங்கியில் வேலை. இரண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள், கடல் பக்கத்து லேன் ஒன்றில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. குசினியில் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நின்றுதான் கதைக்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்குப் பாய்ந்ததும், பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதும், செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட வந்து நின்றதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின்கட்டணத்தை ஓகஸ்டில் ஏற்றிவிட்டு அடுத்த பெப்ரவரியிலும் ஏற்றினார்கள். வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை, 70,000 ஆக இருந்த வாடகையை இரண்டு தவணையில் 1,10,000 ஆக்கினார். அப்புறம் விலைவாசி கொஞ்சம் அடங்கியது, டொலரும் 300 பக்கம் இறங்கியது, வாடகை மட்டும் ஏறின இடத்திலேயே குந்திக்கொண்டது.

"உங்கட ஊருக்குத்தான் போவமே" என்று முதலில் சொன்னது இவர்தான். எனக்கு மனமில்லை. ஊரில் எந்தப் பிள்ளை எந்த நேரம் எந்தச் சந்தியில் நின்றது என்று பின்னேரத்துக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்களுக்குத் தப்பித்தான் நான் கொழும்புக்கே போனேன். ஆனால் இவருக்கு யாழ்ப்பாணக் கிளைக்கு இடமாற்றம் கேட்டால் கிடைக்கும், என் வேலையைக் கணினியும் இணையமும் இருக்கிற எங்கிருந்தும் செய்யலாம், பிள்ளைகளும் மாடிப்படியில் ஓடி ஓடியே வளருகிறார்கள். சரி என்றேன்.

யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்துக் கொக்குவிலில் வீடு வாடகை 45,000 ரூபாய். மூன்று அறை, விறாந்தை, முன்னுக்குச் சின்ன முற்றம், பின்னுக்குக் கிணறு, ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், இரண்டு முருங்கை. வெள்ளவத்தையில் இதை வாடகைக்கு எடுக்க நினைத்தால் இரண்டு பேரின் சம்பளத்தையும் அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் காணாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை பக்கத்தில். கத்தரிக்காய், பயிற்றங்காய், பாகற்காய், கீரை, இதரை வாழைப்பழம் எல்லாம் அன்றைக்குப் பிடுங்கினது, விலையும் கொழும்பில் கொடுத்ததில் பாதிக்குக் கிட்ட. முருங்கைக்காயை நான் காசு கொடுத்து வாங்கியே கனகாலம். (இந்த மலிவில் ஒரு பங்கு தோட்டக்காரரின் தலையில் விழுகிறது. சந்தையில் அவரிடம் பத்துக் கிலோ வாங்கினால் ஒரு கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் காசு கொடுக்கிற வழக்கம் பற்றி இங்கே வருடக்கணக்கில் சண்டை நடக்கிறது.)

மலிவில்லாதவையும் இருக்கின்றன. கரட், லீக்ஸ், கோவா தெற்கிலிருந்து லொறியில் வருவதால் அந்தக் கூலியும் விலையில் ஏறிவிடும். காஸ் சிலிண்டர் கொழும்பை விடக் கூட, தூர மாவட்டம் என்றால் போக்குவரத்தைச் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள். மீன் விஷயத்தில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊர் என்று நினைத்துப் போனால், நல்ல நண்டும் இறாலும் பெரிய மீனும் விடியவே ஐஸ்பெட்டியில் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடும். மிச்சத்துக்குக் கொழும்பு விலைதான் சொல்கிறார்கள். சூடை, திரளி, ஒட்டி என்று பொறுக்கிச் சமைக்கத் தெரிந்தவர்களுக்குப் பரவாயில்லை. மட்டக்களப்பு வாவி மீனில் வளர்ந்த ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு தனிக்கதை.

இனித் தண்ணீர். இதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கொழும்பில் குழாயைத் திறந்தால் களனி கங்கைத் தண்ணீர் வரும், மாதம் முடிய பில் வரும், அதோடு யோசனை முடிந்தது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. கீழே முழுவதும் சுண்ணாம்புக்கல், மேலே ஒரு சாண் செம்மண், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குவதுதான் வருடம் முழுவதற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர்நீர் ஏறிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி. ஆனால் கேத்திலில் ஒரு மாதம் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படை பிடித்து, தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினால் ஓடு ஓடாகக் கழரும். சவர்க்காரம் நுரைக்காது. மகளின் தலைமயிர் முதல் ஆறு மாதத்தில் கொட்டின கொட்டைப் பார்த்து நான் பயந்தே போனேன்.

கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சுண்ணாம்பால் பெரிய ஆபத்தில்லை, தெரியாத நைத்திரேற்றுத்தான் பிரச்சினை. தோட்டங்களுக்கு அள்ளிக் கொட்டுகிற யூரியாவும், வீட்டுக்கு வீடு இருக்கிற மலக்குழியும், அந்த மெல்லிய மண்ணையும் வெடிப்புள்ள கல்லையும் தாண்டி நேரே நிலத்தடி நீருக்குப் போகின்றன. எங்கள் பகுதியான வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதாகப் பல்கலைக்கழகத்து ஆட்கள் நெடுகச் சொல்லிவருகிறார்கள். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதனால் கைக்குழந்தை உள்ள வீடுகளில் குடிக்கிறதற்குக் காசு கொடுத்து வாங்குகிற சுத்திகரித்த தண்ணீர்தான். நாங்களும் கான் கணக்கில் வாங்குகிறோம். தண்ணீர் விற்கிற கடை இப்போது சந்திக்குச் சந்தி இருக்கிறது. என் அம்மம்மா உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாவோ திட்டியிருப்பாவோ தெரியாது. 2024 இல் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற நிலையத்தைத் திறந்தார்கள், அந்தக் குழாய் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. கான் தண்ணீர், மோட்டருக்குக் கரண்ட், கழுவிக் கழுவி வெளிறிப்போகிற உடுப்பு, இதையெல்லாம் 45,000 உடன் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வெயிலையும் சேர்க்க வேண்டும். சித்திரை வைகாசியில் காண்டாவனம் என்கிற உச்ச வெயில் தொடங்கினால் மத்தியானம் ஒழுங்கையில் நாயும் நடமாடாது. எனக்கு வேலை லண்டன் நேரத்துக்கு, மத்தியானம் தொடங்கி இரவு பத்துவரை போகும், அதனால் ஏசி போடாமல் முடியாது. மின்கட்டணம் நாடு முழுக்க ஒரே வீதம்தான், அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் ஏறும். கொழும்பில் கடல்காற்றில் மிச்சம் பிடித்ததை இங்கே மின்கட்டணமாகக் கட்டுகிறோம்.

வீடு தேடின கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் வீட்டுக்காரர் கேட்டதெல்லாம் எத்தனை மாத முற்பணம், எத்தனை பேர், மச்சம் மாமிசம் சமைப்பீர்களா என்பதுதான். இங்கே கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே விசாரணை தொடங்கிவிடும். "பிள்ளை எந்த இடம்? அதில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி? அப்பாவின்ரை பேர் என்ன?" இதெல்லாம் சும்மா கதை கேட்கிறது என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். சாதியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள், கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். என் பதில் திருப்தியாக இருந்த இடங்களில் அடுத்தது இவருடைய ஊர். மட்டக்களப்பு என்றதும் ஒரு அன்ரி "ஓ, அங்காலையோ" என்று இழுத்த இழுவையில் இவர் அடுத்த வீட்டுக்குப் போவம் என்று மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார், நான் பின்னால் ஓடினேன். மலிவு மலிவு என்று சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும். வாடகை 45,000 ஆக இருந்தாலும் அந்தக் கேட்டுக்குள் எல்லோரையும் விட மாட்டார்கள்.

கடைசியில் கிடைத்த வீட்டின் சொந்தக்காரர் ரொறொன்ரோவில். இங்கே அவருடைய ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் திறப்பு வைத்திருக்கிறா, வாடகையும் அவவிடம்தான். மாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. ஏசி, கொமோட், புது மெத்தை எல்லாம் உள்ளே, மெத்தையின் பொலித்தீன்கூட உரிக்கவில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும், கனடாவில் பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்து வருகிற காலத்தில் அவர்கள் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் எங்கள் முற்றம் எங்களுடையதில்லை, மாமரம் அறவே இல்லை. அவர்களும் நல்ல மனிதர்கள்தான், பிள்ளைகளுக்கு சொக்லேட் பெட்டி பெட்டியாகத் தருகிறார்கள். ஆனால் போன முறை அந்த அக்கா மெல்ல வந்து, "தம்பியின்ரை மகளுக்குக் கலியாணம் சரிவந்தால் ஒரு ரெண்டு மாசத்துக்கு வீடு தேவைப்படும், நீங்கள் எங்கையாவது சமாளிப்பியள்தானே" என்றா. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒப்பந்தத்தின் நகலைத் தேடி எடுத்து வைத்தேன்.

நாங்கள் வந்து இறங்கின முதல் கிழமை பெரியம்மா ஒருவர் பார்க்க வந்தா. சாமான் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கொழும்பில ஏதும் பிரச்சினையோ பிள்ளை?" என்று கேட்டா. வாடகை கூட என்றேன். நம்பவில்லை. அவவின் காலத்தில் கொழும்பிலிருந்து சனம் பெட்டியோடு வந்தது என்றால் அதற்குக் காரணம் வாடகையாக இருந்ததில்லை. 1958, 1977, அப்புறம் 1983 யூலை என்று தமிழருக்கு எதிரான கலவரங்களுக்குப் பிறகு காங்கேசன்துறையில் கப்பலால் வந்து இறங்கினவர்கள். 2007 யூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பொலிசார் பிடித்து பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியதும், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்ததும் நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் செய்தி. மாதச் செலவைக் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு குடும்பம் வடக்கே வருவது பெரியம்மாவுக்குப் புதினம்.

ஆனால் அந்தக் கூட்டல் கழித்தல் ஒன்றும் புதிதில்லை. என் அம்மப்பா கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று நம்பின தலைமுறை. குடும்பம் ஊரில், அவர் கொழும்பில் ஒரு அறையை மூன்று பேரோடு பகிர்ந்துகொண்டு, மாதம் பிறந்தால் மணியோடர். 1956 இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கின பிறகு விடுமுறைக்கு விடுமுறை ஊருக்கு. உழைப்பது அங்கே, செலவழிப்பது இங்கே. எங்கள் பக்கத்துக் கல்வீடுகளில் பாதி அந்த மணியோடரில் கட்டினவை, மிச்சம் பின்னர் வந்த லண்டன், கனடாக் காசில். 1990 இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. என் சம்பளம் இணையத்தில் வருகிறது, நான் முற்றத்தில் இருக்கிறேன், அம்மப்பாவுக்குக் கிடைக்காதது இது ஒன்றுதான்.

உறுத்துகிறது என்றேனே, அது இதுதான். யாழ்ப்பாணம் மலிவு என்பது யாழ்ப்பாணத்தில் உழைக்காதவர்களின் பேச்சு. அரச வேலை, வங்கி வேலை என்றால் பரவாயில்லை, அடிப்படைச் சம்பளம் கொழும்பிலும் கொக்குவிலிலும் ஒன்று. அதனால்தான் இங்கே கலியாணப் பேச்சில் அந்த வேலைக்கு இன்னும் அப்படி ஒரு மவுசு. மற்றவர்களுக்கு? தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்தை 2025 இல் 27,000 ரூபாயும் 2026 தொடக்கத்தில் 30,000 ரூபாயும் ஆக்கினார்கள். நகரத்தில் உடுப்புக்கடையில் காலை தொடங்கி இரவு வரை நிற்கிற பிள்ளைகள் பலருக்கு அதை விட ஏதோ கொஞ்சம் கூட, அவ்வளவுதான். என் வீட்டு வாடகையைக் கட்டவே அது காணாது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்களுக்கு அறை அறையாகப் பிரித்து விட்டால் கூட வருகிறது என்பதால் முழு வீடாகக் குடும்பங்களுக்குக் கிடைப்பதும் குறைந்துவிட்டது. காணி விலை பற்றிக் கேட்கவே வேண்டாம். நல்லூரில் ஒரு பரப்புக்குத் தரகர் சொன்ன விலையைக் கேட்டு இவர், "இதுக்குப் பேசாம வெள்ளவத்தையிலயே ஃபிளாட் வாங்கியிருக்கலாம்" என்றார். வெளியிலிருந்து வருகிற காசுதான் அந்த விலையை ஏற்றுகிறது, அதில் எங்கள் காசும் கொஞ்சம் சேர்த்தி.

சந்திக்கடையில் ஒரு பையன் வேலை செய்கிறான், மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இரண்டு வருடமாக இங்கே. ஒருநாள் பாணுக்கு நிற்கிற நேரம், கொழும்பில் இருந்துவிட்டு இங்கே வந்தால் எல்லாம் மலிவாக இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவன் சீனியை நிறுத்துக்கொண்டே, "உங்களுக்கு மலிவா இருக்கும்க்கா. நான் ரெண்டு ஊர்லயும் ஒரே சம்பளந்தான் வாங்கினேன், கொழும்புலன்னா ஓவர்டைமாவது கிடைச்சிச்சு" என்றான். அப்போ ஏன் வந்தாய் என்றேன். இங்கே கடைக்குப் பின்னால் படுக்க இடமும் மூன்று நேரச் சாப்பாடும் தருகிறார்கள், சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம் என்றான். அவனும் என் அம்மப்பா போட்ட கணக்கைத்தான் போடுகிறான், என்ன, மணியோடர் எதிர்ப்பக்கமாகப் போகிறது.

மலிவு என்ற பேச்சு என் சம்பளத்தையும் பதம் பார்த்தது. வருட முடிவில் சம்பள உயர்வு பேசும்போது மனிதவளப் பிரிவில் இருந்தவர் மிகவும் அன்பாக, "இப்ப உங்களுக்குச் செலவு குறைவுதானே மிஸ்" என்றார். நான் இடம் மாறினதால் லண்டன்காரர் எங்கள் கம்பனிக்குக் கொடுக்கிற காசு ஒரு பவுணும் குறையவில்லை, நான் எழுதுகிற கணக்கிலும் ஒரு வரி குறையவில்லை. இதை அப்படியே சொன்னேன். உயர்வு கிடைத்தது, கொழும்பில் இருப்பவர்களுக்குக் கிடைத்ததை விடக் குறைவாக. இடம் மாற யோசிக்கிறவர்கள் இந்தக் கதையை மாறுவதற்கு முதலே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கிச் சொல்கிறேன். சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டார்கள், ஓணானுக்குக் கல்லெறியப் பழகிவிட்டார்கள், மகள் சிங்களம் மறந்துகொண்டு வருகிறாள், அதுதான் எனக்குக் கவலை. பெரிய பள்ளிக்கூடங்களில் முதலாம் வகுப்புக்கு வாக்காளர் இடாப்பில் பெயர், வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரம் என்று புள்ளி போடுவார்கள், நேற்று வந்து குடியேறினவர்களுக்கு அதில் வாய்ப்புக் குறைவு. வந்த கையோடு விதானையிடம் (கிராம அலுவலரிடம்) போய்ப் பதிந்துவிடுங்கள். ரியூசன் கொழும்பை விட மோசம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஞாயிறுகூட மிஞ்சாது. ஆஸ்பத்திரி விஷயத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. போதனா வைத்தியசாலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நெரிசல் நெரிசல்தான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினபோது பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். கொழும்புக் காலி வீதி நெரிசலில் அந்தத் தூரத்துக்குப் பகலில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கண்களைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அவை அப்படியேதான் இருக்கின்றன. இரவு பத்துவரை என் அறையில் லைட் எரிவதையும் நான் தனியே இங்கிலிஷில் கதைப்பதையும் பற்றி ஒழுங்கையில் ஒரு ஆராய்ச்சி நடந்து, பக்கத்து வீட்டு மாமி நேரே கேட்டே விட்டா. விளங்கப்படுத்தினேன். இப்போது அவவின் பேத்திக்கு அந்த வேலை எடுத்துத் தரச் சொல்கிறா. பிள்ளை கெட்டிக்காரி, வணிகப் பிரிவில் நல்ல பெறுபேறு, விண்ணப்பிக்க வைத்திருக்கிறேன். அவளுக்கு எந்த ஊர்ச் சம்பளத்தைக் கொடுப்பார்கள் என்று பார்ப்போம்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் வரப்போகிறீர்கள் என்றால், வீடு பார்க்க தை மாதம் வராதீர்கள், அப்போது எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். ஆவணி புரட்டாதியில் வாருங்கள். வாளியை விட்டு அள்ளி, ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உவர் என்றால் அப்போது பிடிபடும். மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று நடந்து அளவுங்கள், பக்கத்து வளவின் குழியையும் சேர்த்து. ஃபைபர் அந்த ஒழுங்கைக்குள் வந்திருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கேளுங்கள். மாடி பூட்டியிருந்தால் யாருக்காக, எந்த மாதம் என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். தரகர் ஒரு மாத வாடகை கேட்பார், எங்களிடம் பேசிப் பேசிப் பாதிக்கு வந்தார்.